நாலு விரல் அகலம்

வோப்ரே ஊருக்கு வருகிறவர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "கோயில் எங்கே?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே, ஊரைச் சுற்றிக் காட்டுகிற ஒதீல் பெரோதேனுக்குத் தலை நரைத்தது.

"இங்கதான் இருக்கு. நீங்க அதுக்குள்ளதான் நிக்கிறீங்க," என்பாள்.

வந்தவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். கார் நிறுத்துமிடம், மருந்துக்கடை, வெயிலில் படுத்திருக்கும் ஒரு நாய். ஒதீல் கையைத் தூக்கி வானத்தில் ஒரு பெரிய வளைவு போடுவாள். "அந்த மருந்துக்கடையோட பச்சைச் சிலுவை தெரியுதா? அங்க முதல் தூண். இந்த நாய் படுத்திருக்கிற இடம் பாடகர் மேடை. அண்ணாந்து பாருங்க. இன்னும் மேல. அங்கதான் கூரை இருந்துச்சு." எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து வெறும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். இல்லாத ஒன்றைக் கையால் காட்டி அதற்கு டிக்கெட்டும் விற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது ஒதீலிடம் இருந்தது.

ஒரு காலத்தில் ராஜாக்கள் வந்து முழங்கால் போட்ட மடத்துக் கோயில் இது. அரைவட்ட வளைவும் தடித்த சுவரும் குட்டைத் தூணுமாக, ரோமானெஸ்க் என்று படித்தவர்கள் சொல்கிற கட்டடம். பிரெஞ்சுப் புரட்சி வந்தது, துறவிகளை விரட்டினார்கள், மடத்தைக் கல் வியாபாரிகளுக்கு விற்றார்கள். வெடி வைத்துப் பெயர்த்த கல்லை வண்டி வண்டியாக வாங்கிப்போனது வேறு யாருமில்லை, நாங்கள்தான். எங்கள் பூட்டன்மார். பன்றிக் கொட்டகைக்கும் ரொட்டிக் கடைக்கும் கிணற்றுச் சுவருக்கும் அந்தக் கல்தான். மிச்சம் நின்றது ஒரு மணிக்கோபுரமும் வடக்கு வாசல் வளைவும் கொஞ்சம் வெளிமதிலும் மட்டும்.

சுற்றிக் காட்டி முடிக்கிறபோது ஒதீல் எப்போதும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள். "அன்னைக்கு இந்த ஊர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயைத் திறந்து 'வேண்டாம்'னு சொல்லியிருந்தா, இது எல்லாம் இன்னைக்கு நின்னிருக்கும்." சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவாள். வயதான பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள்.

"நல்லா நடிக்கிறடி," என்பாள் பக்கத்து வீட்டு ஜினெத். "உன் வீட்டுச் சுவர் மட்டும் என்ன ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு?"

ஜினெத் சொல்வதும் உண்மைதான். எங்கள் ஊரில் எந்தச் சுவரை உடைத்தாலும் ஏதாவது எட்டிப் பார்க்கும். ஓர் இலைக்கொடி, ஒரு சிங்கத்தின் பாதம், ஒரு புனிதரின் தாடி. அப்படி வந்தால் என்ன செய்வது என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். கொத்தனார் எந்த வீட்டு வேலைக்கு வந்தாலும் ஓரமாக ஒரு வாளியில் சுண்ணாம்புக் காரை குழைத்து வைத்திருப்பார். முகம் வெளியே வந்ததோ இல்லையோ, ஒரு கை காரையை அள்ளி அப்பிவிடுவார். 'தூங்க வைப்பது' என்று அதற்குப் பெயர். பிறகு வீட்டுக்காரர் ஒரு கிளாஸ் வெள்ளை வைன் ஊற்றுவார். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். என் வீட்டிலும் ஒன்று தூங்குகிறது. எந்தச் சுவரில் என்று கேட்காதீர்கள்.

ஒதீலின் கணவர் ரேமோன் மாட்டு லாரி ஓட்டினவர். சந்தைக்கு வருகிற வெள்ளை மாடுகளை ஏற்றிக்கொண்டு வடக்கு வாசல் வளைவுக்குள் பின்பக்கமாகவே லாரியைச் செலுத்துவார். இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல், அவ்வளவுதான் இடைவெளி. மற்ற ஓட்டுநர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். இவர் வாயில் சிகரெட்டோடு, ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, உள்ளே வந்துவிடுவார். அப்போது ஒதீல் அந்த வாசல் கூண்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த சின்னப் பெண். முதல் தடவை பார்த்தபோது கூண்டிலிருந்து பாய்ந்து வந்து கத்தினாள்.

"யோவ்! கல்லுல ஒரு கீறல் விழுந்துச்சு, உன்னைக் கொன்னுடுவேன்!"

"கீறல் விழுந்தா கொன்னுக்கோ. விழலைன்னா என்னைக் கட்டிக்கணும், சரியா?"

கீறல் விழவில்லை. கல்யாண விருந்தில் சந்தைக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. அந்த வருத்தத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு, நாற்பது வருடத்துக்கு மேல் ஒருவரையொருவர் கிண்டல் செய்தே ஓட்டினார்கள்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு காலையில் ரேமோன் காப்பிக் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினார், கை போகவில்லை. பக்கவாதம். வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆளோ பெரிய ஆள். இரண்டு பேர் தூக்க முடியாது. பேச்சு மெதுவாகத் திரும்பியது, கிண்டலும் திரும்பியது, கால் மட்டும் திரும்பவில்லை.

பக்கத்து நகரத்துப் பயிற்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகலாம். ஆனால் வாரத்தில் பாதி நாள் பயிற்சிக்கு வரவேண்டும், அதற்குச் சக்கர நாற்காலி தங்குதடையில்லாமல் வாசலில் போய்வர வேண்டும். அதைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து வாசலை அளந்தாள். அளவு நாடாவைச் சுருட்டியபடி உதட்டைப் பிதுக்கினாள். வாசல் நாலு விரல் அகலம் குறைந்தது.

வீட்டுக்கு அந்த ஒரே வாசல்தான். இடது பக்கம் இடிக்க முடியாது, அது ஜினெத் வீட்டுக்கும் பொதுச் சுவர். பின்பக்கம் மடத்தின் மதில். வலது பக்கம் ஒன்றுதான் வழி, கை நீளத் தடிமன் உள்ள கல் சுவர். எங்கள் ஊரில் கோபுரத்தின் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். ஒதீல் விண்ணப்பம் போட்டாள், காத்திருந்தாள், இலையுதிர் காலம் முழுதும் போயிற்று. கடைசியில் அனுமதி வந்தபோது அழுதுவிட்டாள். அன்றே கட்டிலை மாடியிலிருந்து இறக்கி, கீழே ஜன்னலோரம் போட்டாள். அங்கே படுத்தால் மணிக்கோபுரம் தெரியும். நாற்காலி திரும்ப இடம் வேண்டுமென்று சாப்பாட்டு மேசையை ஜினெத் வீட்டுக்குக் கொடுத்தாள். இனி அவர் வரவேண்டியதுதான் பாக்கி.

கொத்தனார் அர்மிந்தோ போர்ச்சுகலில் இருந்து வந்த குடும்பம், ஆனால் எங்கள் ஊர்க்காரனாகவே ஆகிவிட்டவன். காலையிலேயே வந்து பூச்சைக் கொத்த ஆரம்பித்தான். ஒதீல் உள்ளே கட்டில் விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"மதாம், கொஞ்சம் வந்து பாருங்க. உங்க வீட்டுல இன்னொரு ஆள் குடியிருக்கான்."

பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு முகம் இருந்தது. உப்பின கன்னம், பிதுங்கின கண், திறந்த வாய். முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் உள்ள பாரத்தைத் தாங்குகிற ஒரு மனிதன். தாங்க முடியவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தூணின் உச்சியில் வைக்கிற போதிகைக் கல்.

"நம்ம மேயர் மாதிரியே இல்ல?" என்றான் அர்மிந்தோ.

"வாயை மூடு. இது நடுக்கூடத்துத் தூணோடது. இந்த மாதிரி முழுசா ஒண்ணுகூட நம்மகிட்ட கிடையாது," என்றாள் ஒதீல்.

"எதுவா வேணா இருக்கட்டும். சுண்ணாம்பு தயாரா இருக்கு. ஆனா தூங்க வச்சா மட்டும் பத்தாது மதாம். இவன் மூஞ்சி சரியா நமக்கு வேண்டிய இடத்துல நீட்டிக்கிட்டு இருக்கு. கன்னம், காது, இந்தக் கை, அவ்வளவையும் செதுக்கி எறிஞ்சா சாயங்காலம் நாற்காலி போயிடும்."

"முழுசா கழட்டி எடுத்துட முடியாதா?"

"மேல பாருங்க. வாசலோட உத்தரம் இவன் தலையிலதான் உக்காந்திருக்கு. இவனை உருவினா உங்க மாடி என் தலையில வரும். மூஞ்சியை மட்டும் வெட்டினா ஒண்ணும் ஆகாது. நாலு விரல்தான மதாம். யாருக்குத் தெரியப் போகுது?"

ஒதீல் அந்தக் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா. வந்ததும் சொல்றேன்," என்றாள்.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு முகம் வெளியே வந்தால், அதை மூடாமல் யாரும் சாப்பிடப் போகமாட்டார்கள். மனுஷனை அந்த முகத்தோடு தனியாக விடக்கூடாது என்பதற்காகவே அந்த வழக்கம் வந்திருக்க வேண்டும். அர்மிந்தோவுக்கும் அது தெரியும். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் மடத்தில் வேலை பார்த்த அம்மாளை எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

தனியாக விடப்பட்ட ஒதீல், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து அந்த முகத்தைத் துடைத்தாள். காதின் மடிப்பில் மண், வாயின் ஓரத்தில் சுண்ணாம்பு. கண்ணின் குழியைத் துடைத்தபோது உள்ளே நீலச் சாயம் மின்னியது. எத்தனையோ நூறு வருஷத்து நீலம். கை நின்றுவிட்டது. அவள் காதில் அவள் குரலே கேட்டது. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லியிருந்தா.

மாகாணத் தலைநகரில், பழைய கட்டடங்களைக் காக்கிற அரசு அலுவலகத்தில் இருந்த மதாம் லெஸ்கூருக்கு ஃபோன் போட்டாள். லெஸ்கூர் சின்னப் பெண்ணாக எங்கள் மடத்தில் பயிற்சிக்கு வந்தபோது, குளிரில் நடுங்கினவளுக்கு சூப் வைத்துக் கொடுத்தவள் ஒதீல்தான். "பயப்படாதீங்க மதாம் பெரோதேன், நான் பாத்துக்கறேன்," என்றாள் அவள். அரசாங்கத்தில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், பெரிய பெரிய ஜாக்கிகள் இருக்கின்றன. ஒரு வாரத்தில் வந்து கல்லைப் பூப்போல எடுத்துக்கொண்டு போவார்கள், வாசலும் அகலமாகிவிடும் என்று ஒதீல் நம்பினாள். கல்லும் பிழைக்கும், கணவரும் வருவார். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அர்மிந்தோ பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்தான். அவள் கையில் ஃபோனைப் பார்த்தான்.

"யாருக்குப் போட்டீங்க?"

சொன்னாள். அவன் பல்குச்சியைத் தூர எறிந்தான். உளியைத் துடைத்துப் பையில் போட்டான், சுண்ணாம்பு வாளியைத் தூக்கினான். "மதாம், நான் இங்க வரவே இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு ஊற்ற ஒதீல் வாங்கி வைத்திருந்த வைன் பாட்டில் திறக்கப்படாமலே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் ரேமோனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பாதி வாயால் சிரித்தார்.

"என்னை வெளிய தள்ளிட்டு இன்னொருத்தனை உள்ள வச்சிருக்கியாடி? எப்படி இருக்கான்?"

"உன்னை மாதிரியேதான். தொந்தி, பிதுங்கின கண்ணு, எப்பப் பாரு முனகல்."

"அப்ப சரி, நல்ல பையன்தான். நான் எப்ப வரலாம்?"

"ஒரு வாரம். மிஞ்சிப்போனா ரெண்டு."

"லேட்டாச்சுன்னா கூரையைப் பிரிச்சு என்னை உள்ள இறக்கிடுங்க. பைபிள்ல ஒரு முடவனை அப்படித்தான இறக்கினாங்க."

"ஓட்டுல கை வச்சா அதுக்கும் அனுமதி வாங்கணும்யா."

"அந்தக் காலத்துல ஏசுவுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்ல போல," என்றார் ரேமோன். அடுத்த கட்டிலில் இருந்தவர்கூடச் சிரித்தார்.

லெஸ்கூர் சொன்ன சொல் தவறவில்லை, மறுநாளே வந்தாள். கல்லைப் பார்த்து வாயில் கை வைத்தாள், ஒதீலைக் கட்டிக்கொண்டாள், கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "வேற யாரா இருந்தாலும் மூடியிருப்பாங்க. நீங்க மூடலை," என்றாள். பிறகு வேலையை நிறுத்தும் உத்தரவை நீட்டினாள். உடைத்த சுவர் இறங்கிவிடக் கூடாது என்று வாசலுக்குள்ளேயே, வலப்பக்கம் ஒட்டி, ஓர் இரும்பு முட்டு நிறுத்தினார்கள். இருந்த வாசலும் போயிற்று. அதற்குப் பிறகு ஒதீல் காய்கறிப் பையோடு வீட்டுக்குள் போக உடம்பைத் திருப்பி நண்டு மாதிரி நுழைய வேண்டியதாயிற்று.

ஆட்கள் வந்தார்கள். கல்லைப் பார்க்க ஒருவர், சாயத்தைப் பார்க்க ஒருவர், காரையைச் சுரண்டி எடுத்துப்போக ஒருவர், சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்க்க ஒருவர். எல்லோரும் தங்கமானவர்கள். கால் மிதியில் செருப்பைத் துடைத்துவிட்டுத்தான் வந்தார்கள். எல்லோரும் காப்பி குடித்தார்கள், "அற்புதம் மதாம், அற்புதம்" என்றார்கள். "எப்ப எடுப்பீங்க?" என்று ஒதீல் கேட்டால், அது தன் கையில் இல்லை என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். அந்த வசதியும் அவளுக்கு இல்லை.

"ஊர்ல எந்த மடச்சியாவது வாயைத் திறப்பாளா?" என்று ஜினெத் சண்டைக்கு வந்தாள். "என் வீட்டுக் கூடத்தை அடைச்சுக்கிட்டு உன் மேசை நிக்குது, உன் வாசலை அடைச்சுக்கிட்டு இரும்பு நிக்குது. கல்லு பேசுமா? கல்லு உனக்குக் கஞ்சி ஊத்துமா?" கத்தி முடித்துவிட்டு, உட்கார்ந்து அவளும் அழுதாள். மறுநாள் சீஸ் வைத்துச் சுட்ட பன் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள்.

ரேமோன் ஞாயிறுதோறும் முதலில் வாசலைத்தான் விசாரிப்பார். "என்னடி, அந்தத் தொந்திக்காரன் காலி பண்ணிட்டானா?" பிறகு, "வாசல் என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவள் கோட்டைக் கழற்றும்போது முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எதுவுமே கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் கொடுத்த கோழி வேகவே இல்லை என்று பேசினார். ஒதீல் பேருந்தில் திரும்பும்போது, அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்ததை நினைத்து வழியெல்லாம் அழுதாள். 

அந்த வாரமே அர்மிந்தோ வீட்டுக்குப் போனாள்.

"வெட்டிடு. நீ சொன்ன மாதிரியே கன்னம், காது, கை. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அர்மிந்தோ தரையைப் பார்த்தான். "அன்னைக்கு வெட்டியிருப்பேன் மதாம். அன்னைக்கு அது ஒரு கல்லு. இப்ப அதுக்குப் பேரு இருக்கு, நம்பர் இருக்கு, ஃபோட்டோ இருக்கு. இன்னைக்குத் தொட்டா நான் ஜெயிலுக்குப் போவேன். எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"உளியையாவது குடு."

கொடுத்தான். சாயங்கால வெளிச்சம் வாசலில் விழுந்துகொண்டிருக்க, ஒதீல் அந்த முகத்தின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். உளியை அதன் கன்னத்தில் வைத்தாள். சுத்தியை ஓங்கினாள். எதிரே அது வாயைத் திறந்து, பாரத்தைத் தாங்கிக்கொண்டு, நீலக் கண்ணால் பார்த்தது. வேண்டியது ஒரே ஒரு அடி. அவளால் முடியவில்லை. தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் சுத்தியைத் தெருவில் வீசினாள். ஜினெத் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கோடையில் முடிவு வந்தது. லெஸ்கூர் நேரிலேயே வந்து சொன்னாள். கல்லை எடுத்தால் சுவர் தாங்காது, கல்லிலும் ஒரு விரிசல் இருக்கிறது, எடுத்தால் இரண்டாகப் போய்விடும். ஆகவே இருந்த இடத்திலேயே பாதுகாக்கப்படும். முட்டுக் கொடுத்த இரும்பை எடுத்துவிட்டுக் கல்லின் மேலே கண்ணாடி போடுவார்கள். வாசல் உள்ளபடியே இருக்கும்.

"என் கணவர்?" என்றாள் ஒதீல்.

லெஸ்கூரின் கண் கலங்கிவிட்டது. "நான் எல்லாருக்கும் எழுதினேன் மதாம். வேற வீடு பாக்க உதவி பண்றோம்னு சொல்றாங்க. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." அவள் பொய் சொல்லவில்லை.

வேறு வீடு என்பது நகரத்தில், நாலாவது மாடியில், லிஃப்ட் உள்ள ஒரு கட்டடம். அதற்கும் வரிசை இருந்தது. அதற்குள் ஆஸ்பத்திரியில் ரேமோனின் கட்டிலை வேறொருவருக்குக் கேட்டார்கள். அவரை முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு கதவில் அவர் பெயரை அட்டையில் எழுதி ஒட்டினார்கள். அந்தக் கதவு நல்ல அகலமான கதவு.

செப்டம்பரில் நாடெங்கும் பழைய கட்டடங்களைத் திறந்து வைத்துக் காட்டுகிற நாள் வந்தது. அந்த வருடம் வோப்ரேயில் எல்லோரும் பார்க்க வேண்டியது ஒதீல் வீட்டு வாசல்தான். "நீங்களே நின்னு சொன்னாத்தான் நல்லாருக்கும்," என்று லெஸ்கூர் கேட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவும் ஒதீலிடம் தெம்பில்லை. ஆட்கள் நிற்க இடம் வேண்டுமென்று கட்டிலை மறுபடி மாடிக்கு ஏற்றினார்கள். சந்து நெடுக வரிசை நின்றது. ஒதீல் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு உட்புறம் நின்று, பத்துப் பேர் பத்துப் பேராக உள்ளே விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் முதியோர் இல்லத்து வேன் சந்து முனையில் நின்றது. தாத்தா பாட்டிகளை விசேஷ நாளில் வெளியே அழைத்துவருவது அங்கே வழக்கம். யாரோ பின்னிய கழுத்துத் துண்டோடு, இஸ்திரி போட்ட சட்டையில், நாற்காலியில் ரேமோன் வந்தார். வரிசையின் கடைசியில் நின்றார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியூர்க்காரர்கள்தான் ஒதுங்கினார்கள். "வழி விடுங்க, ஐயா முன்னால போய்ப் பாக்கட்டும்."

"நீங்க இந்த ஊரா ஐயா?" என்று லியோனிலிருந்து வந்த ஒரு அம்மாள் கேட்டாள்.

"இந்த ஊருதான்," என்றார்.

வாசலுக்கு எதிரே நாற்காலி நின்றது. ஒதீல் பேச்சை நிறுத்திவிட்டாள். ரேமோன் அவளைப் பார்க்கவில்லை. இந்தப் பக்க நிலையை ஒரு பார்வை, அந்தப் பக்கக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். பழைய லாரிக்காரன் பார்வை.

"கொஞ்சம் பின்னால எடும்மா," என்றார் தள்ளுகிற பெண்ணிடம். "இடது பக்கம் ஒடி. போதும். இப்ப நேரா, மெதுவா விடு."

அவள் சிரித்துக்கொண்டே தள்ளினாள். இடது சக்கரம் உள்ளே வந்தது. வலது சக்கரம் சுவரில் போய் முட்டியது.

"ஐயோ, கண்ணாடி! கண்ணாடி பத்திரம்!" என்று லெஸ்கூர் கத்தினாள். எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமோனின் நல்ல கையான இடது கைதான் இடது சக்கரத்துக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டி, விரல் முட்டியில் தோல் வழன்று ரத்தம் வந்தது. ஒதீல் குனிந்து அந்தக் கையைத் தன் கைக்குட்டையில் சுற்றினாள்.

"கீறல் விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லய்யா. கல்லுல விழல."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தொந்திக்காரனைப் பார்த்தார். அவனும் இவரைப் பார்த்தான். "பின்னால எடும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

நாற்காலி பின்வாங்கியது. அதை ஜினெத் வீட்டுப் பூத்தொட்டி ஓரம், வெயிலில் நிறுத்தினார்கள். ஜினெத் வெளியே வந்து அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த பத்துப் பேர் உள்ளே வந்தார்கள். லியோன் அம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மரியாதைக்காகக் கேட்டாள்.

"இவ்வளவு பெரிய அறையைச் சும்மா விட்டிருக்கீங்களே மதாம்? இங்க ஒண்ணும் வைக்கலையா?"

ஒதீல் கல்லைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். கையைத் தூக்கினாள்.

"இங்கதான் கட்டில்," என்றாள். "தலை அந்தப் பக்கம். இந்த ஜன்னல்ல கோபுரம் தெரியும், அவர் அதைப் பாத்துக்கிட்டு இருப்பார். நாற்காலி இங்க திரும்பும். நீங்க நிக்கிற இடத்துல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவருக்கு இடம் வேணும்."

பத்துப் பேரும் தள்ளி நின்று, அவள் கை காட்டிய வெறும் தரையைப் பார்த்தார்கள். சந்து முனையில் வேன் ஹாரன் அடித்தது.